முதல்ல டிபெண்டன்ட் விசாவைப் பாருங்க, நாட்டை அப்புறம் பாத்துக்கலாம்

அவுட்டர் ரிங் ரோடு, ஒயிட்ஃபீல்டு, மான்யதான்னு பெங்களூர்ல வேலை பாக்கிற நம்ம ஆளுங்க வீட்ல யாராவது ஒருத்தருக்கு வெளிநாட்டு ஆஃபர் வந்துட்டா அன்னைக்கு ராத்திரியே ஒரு எக்செல் ஷீட் ரெடி ஆயிடும். சம்பளம், வாடகை, டாக்ஸ், குழந்தைக்கு ஸ்கூல், குளிர், இட்லி மாவு கிடைக்குமா, எல்லாத்துக்கும் ஒரு கட்டம் இருக்கும். கூடப் போற ஆளுக்கு என்ன விசா, அதுல வேலை செய்யலாமா, அது எப்போ செத்துப் போகும், இதுக்கு மட்டும் கட்டம் இருக்காது. "டிபெண்டன்ட் தானே, கம்பெனியே எடுத்துக் குடுத்துடும்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. ரெண்டு சம்பளத்தை நம்பி பிளாட்டுக்கு இஎம்ஐ கட்டிட்டு இருக்கிற வீட்ல அந்த ஒரு வரி தான் ரொம்பக் காஸ்ட்லி.

நான் ஒரு கம்பெனில ரீலொகேஷன் டீம்ல இருக்கேன், லாயர் கிடையாது, ஆனா ஃபைல் போறதும் வர்றதும் தினம் பாக்கிறேன். சமீபத்துல எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்தா, அவ வீட்டுக்காரருக்கு அவர் கம்பெனில மூணு ஆப்ஷன் குடுத்திருக்காங்க: அமெரிக்கா, லண்டன், மியூனிக். "அக்கா, எதுல சேவிங்ஸ் அதிகம்"னு கேட்டா. உனக்கு எதுல வேலை செய்ய விடுவாங்கன்னு முதல்ல பாருடின்னு சொன்னேன். அவளுக்கு சொன்னதைத் தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், கனடாவும் சிங்கப்பூரும் நடுவுல வரும், ஏன்னா யாராவது ஒரு சித்தப்பா கண்டிப்பா அதைச் சொல்வாரு.

அமெரிக்கால இருந்தே ஆரம்பிக்கிறேன், குழப்பம் அங்க தான் அதிகம். கம்பெனி உங்களை எச்-1பிங்கற வேலை விசால அனுப்புதா, எல்-1ங்கற கம்பெனிக்குள்ள மாத்தற விசால அனுப்புதா, இதைப் பொறுத்து கூடப் போறவங்களோட வாழ்க்கையே மாறும். எச்-1பி ஆளோட மனைவிக்கோ கணவனுக்கோ கிடைக்கிறது எச்-4. எச்-4ல படிக்கலாம், வண்டி ஓட்டலாம், சமைக்கலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது. 2015 மே மாசத்துல இருந்து எச்-4 இஏடின்னு ஒரு வேலை அனுமதி இருக்கு, உண்மை தான், ஆனா அது எல்லாருக்கும் இல்ல, எச்-1பி ஆளுக்கு கிரீன் கார்டு (நிரந்தரமா தங்கற உரிமை) வழில ஐ-140ங்கற, கம்பெனி போடற மனு அப்ரூவ் ஆகியிருக்கணும், இல்லன்னா அதே கிரீன் கார்டு ப்ராசஸ் ஓடிட்டு இருக்கிறதால ஆறு வருஷத்தைத் தாண்டி எக்ஸ்டென்ஷன்ல இருக்கணும். கம்பெனி கிரீன் கார்டு ஆரம்பிக்கணும், பெர்ம்ங்கற லேபர் டிபார்ட்மென்ட் சர்டிபிகேஷன் முடியணும், அப்புறம் ஐ-140, இதெல்லாம் நடந்து முடிய ரெண்டு மூணு வருஷம் சாதாரணமா ஓடிடும். அதுவரைக்கும் கையில சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கூட இருக்காது. பெங்களூர்ல டீம் லீடா இருந்த பொண்ணு நியூஜெர்சி அபார்ட்மென்ட்ல உட்கார்ந்து மூணு வருஷ கேப்போட ரெஸ்யூமே வச்சிட்டு இருக்கிறது எச்-4ல ரொம்ப சகஜம்.

இஏடி வந்த பிறகும் நிம்மதின்னு சொல்ல முடியாது. அது ஒரு கார்டு, அதுல ஒரு எக்ஸ்பயரி தேதி. முன்னாடியெல்லாம் ரினியூவலுக்குப் போட்டுட்டா, மத்த கண்டிஷன் சரியா இருந்தா, கார்டு வர்ற வரைக்கும் 540 நாள் வரை ஆட்டோமேட்டிக்கா வேலையைத் தொடரலாம். 2025 அக்டோபர் 30ல இருந்து போடற ரினியூவலுக்கு அந்த வசதியை எடுத்துட்டாங்க. இப்போ புது கார்டு கைக்கு வர்றதுக்குள்ள பழசு முடிஞ்சா வேலையை நிறுத்தணும். எக்ஸ்பயரிக்கு 180 நாள் முன்னாடியே போடலாம், போட்டே ஆகணும், அப்பவும் அது வர்ற நேரத்துக்குத் தான் வரும்.

எல்-1 வேற கதை. ஒரே கம்பெனியோட இந்திய ஆபீஸ்ல, கடைசி மூணு வருஷத்துல தொடர்ந்து ஒரு வருஷம் வேலை பார்த்த ஆளை அமெரிக்க ஆபீஸுக்கு மாத்தறதுக்கான விசா அது. பெங்களூர் ஜிசிசி, அதாவது வெளிநாட்டுக் கம்பெனிங்களோட சொந்த இந்திய ஆபீஸ், ஆளுங்க நிறைய பேருக்கு இது பொருந்தும், ஆனா எச்-1பி அளவுக்கு யாரும் பேசறதில்ல. எச்-1பிக்கு இருக்கிற மாதிரி ஆள் தேர்ந்தெடுக்கிற லாட்டரி கிடையாது. கூடப் போறவங்களுக்கு எல்-2. 2021 நவம்பர்ல ஒரு கோர்ட் கேஸ் செட்டில்மென்ட்டுக்கு அப்புறம் எல்-2 கணவன் மனைவிக்கு வேலை செய்ற உரிமை அந்த ஸ்டேட்டஸோடவே ஒட்டி வருது, தனியா கார்டு தேவையில்ல. ஏர்போர்ட்ல இறங்கி, ஐ-94ங்கற உள்ள வந்த பதிவை ஆன்லைன்ல டவுன்லோட் பண்ணி, கிளாஸ் ஆஃப் அட்மிஷன்னு இருக்கிற இடத்துல எல்-2எஸ்னு இருக்கான்னு பாருங்க. அந்தக் கடைசி எஸ் தான் எல்லாம். அது இருந்தா அந்த பேப்பரைக் காட்டியே வேலைல சேரலாம். வெறும் எல்-2ன்னு இருந்தா உங்களுக்குக் கோட் தப்பா விழுந்திருக்குன்னு அர்த்தம், உடனே திருத்தக் கேட்டுடுங்க, வேலை கிடைச்சப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டா ஜாயினிங் தேதி தள்ளிப் போகும்.

அப்போ எல்-1 தான் பெஸ்ட்டான்னா, கூடப் போறவங்க பக்கத்துல இருந்து பாத்தா ஆமா, மெயின் ஆள் பக்கத்துல இருந்து பாத்தா அவ்ளோ சுலபமா சொல்லிட முடியாது. எல்-1ல கம்பெனி மாற முடியாது. வேலை போச்சுன்னா எச்-1பிக்கும் எல்-1க்கும் ஒரே மாதிரி அதிகபட்சம் 60 நாள் தான் கிரேஸ், ஆனா எச்-1பி ஆள் அந்த 60 நாள்ல வேற கம்பெனியைப் பிடிச்சு டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம், எல்-1 ஆளுக்கு அந்த வழி இல்ல. டிபெண்டன்ட் விசாங்கறது உள்வாடகைக்கு இருக்கிற மாதிரி, மெயின் ஆள் காலி பண்ணா நீங்களும் காலி, எல்-2எஸ்ல உங்க சொந்த வேலை ஜம்முனு ஓடிட்டு இருந்தாலும் சரி. எல்-1பின்னா 5 வருஷம், மேனேஜர் லெவல் எல்-1ஏன்னா 7 வருஷம், அதோட முடிஞ்சது. எச்-1பி மாதிரி ஐ-140ஐ வச்சு நீட்டிக்கிட்டே போக முடியாது. கிரீன் கார்டு பக்கம் பாத்தா எல்-1ஏ மேனேஜர்களுக்கு இபி-1ங்கற கிரீன் கார்டு பிரிவு திறந்திருக்கு, எல்-1பி ஆளுங்க பெரும்பாலும் இபி-2, இபி-3 வரிசைல தான் நிக்கணும், அங்க இந்தியாக்காரங்க பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்டவங்களே இன்னும் நின்னுட்டு இருக்காங்க.

அதனால எல்-2எஸ்ல போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான். அங்க வேலைல சேர்ந்த உடனே உங்க கம்பெனியை மார்ச் மாச எச்-1பி ரெஜிஸ்ட்ரேஷன்ல உங்க பேரைப் போடச் சொல்லுங்க. 2025 செப்டம்பர்ல கொண்டு வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் வெளிநாட்டுல இருந்து புதுசா எடுக்கிற ஆளுங்களைக் குறி வச்சது, உள்ளேயே இருந்துகிட்டு ஸ்டேட்டஸ் மாத்திக்கிறவங்களுக்கு அது கிடையாதுன்னு அக்டோபர்லயே அமெரிக்க குடியேற்ற ஆபீஸான யுஎஸ்சிஐஎஸ் தெளிவா சொல்லிடுச்சு. அதுக்கு நடுவுல ஊருக்கு வந்து போனா கணக்கு மாறலாம், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி லாயரைக் கேட்டுக்குங்க. யார் எச்-1பி வாங்கினாலும் வீட்ல ஒருத்தர் கால் ஊனிட்டா இன்னொருத்தர் அவங்க மேல எச்-4ஆ தொத்திக்கலாம், முன்னால இவர் மெயின், இப்போ அவங்க மெயின், இதுல ஈகோ பாத்தா காரியம் கெட்டுடும்.

இன்டர்வியூ சமாச்சாரத்தையும் சேர்த்துச் சொல்லிடறேன். 2025 ஜனவரில பெங்களூர்ல அமெரிக்க கான்சுலேட் திறந்தாங்கன்னு பெருசா நியூஸ் வந்துச்சு, நம்ம ஆளுங்க நிறைய பேர் இனிமே சென்னை போக வேணாம்னு சந்தோஷப்பட்டாங்க, திறந்தப்பவே விசா வேலை இப்போதைக்கு இல்லன்னு தான் சொன்னாங்க. ஜெமினி ஃபிளைஓவர் பக்கத்து வரிசைக்கு விடிகாலைல போய் நிக்கறதுக்கு ராத்திரி பஸ்ஸோ ட்ரெயினோ பிடிக்கிற வழக்கம் அப்படியே இருக்கு. 2025 செப்டம்பர்ல இருந்து எச், எல் ரெண்டுக்கும் டிராப்பாக்ஸ், அதாவது இன்டர்வியூ இல்லாம பேப்பரை மட்டும் போட்டுட்டு வர்ற வசதி, கிட்டத்தட்ட போயிடுச்சு, சின்னக் குழந்தையையும் தூக்கிட்டுப் போகணும். இதுல ஒரு வித்தியாசம்: 2025 டிசம்பர் 15ல இருந்து எச்-1பி, எச்-4 ஆளுங்க சோஷியல் மீடியா எல்லாத்தையும் பப்ளிக்கா திறந்து வைக்கணும்னு வந்தது, அதோட அந்த மாசம் இந்தியால அப்பாயின்ட்மென்ட் வச்சிருந்தவங்க நிறைய பேருக்கு பல மாசம் தள்ளிப் போச்சு. லீவுக்கு ஊருக்கு வந்து மாட்டிக்கிட்டவங்க கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த அறிவிப்புல எல் விசா இல்ல.

எச்-4ல உட்கார்ந்துகிட்டு பெங்களூர் கம்பெனிக்கே ரிமோட்டா வேலை செய்யலாம், சம்பளம் இந்திய அக்கவுன்ட்ல தானே விழுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. நீங்க உட்கார்ந்து வேலை செய்ற இடம் எது, அது தான் கேள்வி. பின்னாடி கிரீன் கார்டு ஃபார்ம்ல நிரப்பும்போது அந்த வருஷங்களுக்கு என்ன பதில் எழுதுவீங்கன்னு இப்பவே யோசிச்சுக்குங்க.

இனி லண்டன். யுகேல டிபெண்டன்ட் பார்ட்னருக்கு வேலை உரிமை முதல் நாள்ல இருந்தே இருக்கு, ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம், ப்ரொஃபஷனல் ஸ்போர்ட்ஸ் பிளேயரா மட்டும் போக முடியாது, அது நம்மள்ல எத்தனை பேருக்குப் பிரச்சனைன்னு எனக்குத் தெரியல. டிபெண்டன்ட்டா உள்ள போக இங்கிலீஷ் டெஸ்ட் கூட வேணாம். அப்போ வலிக்கிறது எங்கன்னா பர்ஸ்ல. ஹெல்த் சர்சார்ஜ்னு ஒண்ணு, பெரியவங்களுக்கு ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, விசா எத்தனை வருஷமோ அத்தனை வருஷத்துக்கும் மொத்தமா அப்ளை பண்ணும்போதே கட்டணும். மூணு வருஷ விசாவுக்கு ரெண்டு பேர்னா 6,210 பவுண்டு, ஏழு லட்ச ரூபாய்க்கு மேல, விசா ஃபீஸ் தனி. கம்பெனி மெயின் ஆளுக்குக் கட்டும், டிபெண்டன்ட்டுக்குக் கட்டுமான்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே மெயில்ல கேளுங்க, வாய்ல கேட்டது எதுவும் நிக்காது. அப்புறம் பெங்களூர்லயே அவங்க அங்கீகரிச்ச கிளினிக்ல டிபி டெஸ்ட் எடுக்கணும், கர்ப்பமா இருந்தா எக்ஸ்ரே விஷயத்துல என்ன பண்றதுன்னு முதல்லயே அங்க பேசிடுங்க.

யுகேல நம்ம ஆளுங்க தவற விடற விஷயம் வேற. கம்பெனி எந்த ரூட்ல ஸ்பான்சர் பண்ணுது? ஸ்கில்டு வொர்க்கரா, இல்ல குளோபல் பிசினஸ் மொபிலிட்டியா? ரெண்டாவது தான் கம்பெனிக்குள்ள மாத்தற ரூட், ஜிசிசி ஆளுங்களை அதுல அனுப்பறது கம்பெனிக்கு வசதி. ஆனா அந்த ரூட்ல ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை, வராது. அதுல இருந்த வருஷங்கள் பின்னாடி ஸ்கில்டு வொர்க்கருக்கு மாறினாலும் அந்த அஞ்சு வருஷக் கணக்குல சேராது. அமெரிக்கால கம்பெனிக்குள்ள மாத்தற விசா தான் கூடப் போறவங்களுக்கு நல்லது, லண்டன்ல அதே மாதிரி விசால தான் வருஷம் வீணாப் போகுது. ரெண்டு ஊருக்கும் ஒரே ஹெச்ஆர் ஒரே மாதிரி மெயில் அனுப்புவாங்க, "இன்ட்ரா கம்பெனி டிரான்ஸ்ஃபர்"னு ஒரே தலைப்புல, அதைப் பாத்து ஏமாறாதீங்க.

அடுத்தது கடிகாரம். யுகேல பார்ட்னரோட ஐஎல்ஆர் கணக்கு பார்ட்னர் டிபெண்டன்ட் விசால அங்க இருந்த காலத்தை வச்சு தனியா ஓடுது. "நீங்க முன்னாடி போங்க, நான் ஒரு வருஷம் இங்க வேலை பாத்துட்டு வர்றேன்"னு பெங்களூர்லயே தங்கினா அந்த ஒரு வருஷம் கடைசில உங்க பேர்ல பாக்கி நிக்கும், அவருக்கு ஐஎல்ஆர் வந்த பிறகும் நீங்க இன்னொரு விசா, இன்னொரு சர்சார்ஜ் கட்டிட்டு இருப்பீங்க. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாசம் தங்கற நம்ம வழக்கமும் இதுல இடிக்கும், எந்த 12 மாசத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல வெளில இருக்கக் கூடாதுன்னு ரூல். இதுக்கு மேல, 2025 மே மாசம் வந்த வெள்ளை அறிக்கைல செட்டில்மென்ட்டுக்கான காலத்தை அஞ்சுல இருந்து பத்து வருஷமாக்கப் போறோம்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. அதனால அஞ்சு வருஷத்தை வச்சு பிளான் போட்டு பெங்களூர் வீட்டை விக்கற வேலை வேணாம்.

ஸ்கில்டு வொர்க்கருக்கு 2025 ஜூலை 22ல இருந்து பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்டு, வேலையும் டிகிரி லெவல்ல இருக்கணும். நர்ஸிங் ஹோம் கேர் வொர்க்கர் வேலைன்னு ஏஜென்ட் யாராவது "ஜோடியா போகலாம்"னு சொன்னா நம்பாதீங்க, கேர் வொர்க்கர்ஸ் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போற வழி 2024 மார்ச் 11லயே அடைச்சாச்சு, அப்புறம் 2025 ஜூலைல வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் வொர்க்கரை எடுக்கிறதையே நிறுத்திட்டாங்க. அதே மாதிரி ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படிக்கப் போய் மனைவியைக் கூட்டிட்டுப் போற ஐடியாவும் 2024 ஜனவரியோட முடிஞ்சது.

மியூனிக் தான் என்னைக் கேட்டா இந்த மூணுல கூடப் போறவங்களைக் கொஞ்சம் மனுஷனா நடத்தற ஆப்ஷன், ஆனா அதுக்கு விலை மொழி. மெயின் ஆளுக்கு புளூ கார்டுன்னா, அதாவது படிச்ச ஆளுங்களுக்கான வேலை அனுமதின்னா, பார்ட்னர் போறதுக்கு முன்னாடி ஏ1 (ஆரம்ப நிலை) ஜெர்மன் பாஸ் பண்ணணும்னு இல்ல, மத்த பல விசாவுக்கு அது வேணும். போன உடனே எந்த வேலையும் செய்யலாம், சொந்தமா பிசினஸும் பண்ணலாம். 2025ல புளூ கார்டுக்கு சம்பளம் வருஷத்துக்கு 48,300 யூரோ இருக்க வேண்டியிருந்துச்சு, ஐடி மாதிரி ஆள் பத்தாக்குறை வேலைகளுக்கு 43,759.80, இந்த நம்பர் வருஷா வருஷம் ஏறும், நீங்க போற வருஷத்து நம்பரைப் பாத்துக்குங்க. வேலை இல்லாத பார்ட்னரை கவர்மென்ட் ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல எக்ஸ்ட்ரா காசு இல்லாம சேத்துக்குவாங்க. லண்டன்ல ஏழு லட்சம் முன்பணம், அமெரிக்கால மாசா மாசம் சம்பளத்துல ஃபேமிலி ப்ரீமியம் பிடிப்பு, இங்க சும்மா, இந்த ஒரு வரியை எக்செல்ல போட்டாலே சேவிங்ஸ் கணக்கு புரண்டு படுக்கும். புளூ கார்டு ஆள் பி1 (நடுத்தர நிலை) ஜெர்மன் பேசினா 21 மாசத்துல, ஏ1 லெவல்னா 27 மாசத்துல நிரந்தர அனுமதிக்குப் போடலாம்.

யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம் இருக்கு, நான் பேசிடறேன். கல்யாணம் சரியா வரலன்னா? மாமியார் வீட்ல உட்கார்ந்து இதைக் கேக்க முடியாது, ஆனா விசா பேப்பர் ஒவ்வொண்ணும் இதுக்கு பதில் வச்சிருக்கு. ஜெர்மனில ஜோடியா மூணு வருஷம் அங்க சேர்ந்து வாழ்ந்திருந்தா பார்ட்னருக்குத் தனியா தங்கற உரிமை வந்துடும், கொடுமை நடந்திருந்தா அதுக்கு முன்னாடியே கேக்கலாம். அமெரிக்கால விவாகரத்து ஆன அன்னைக்கே எச்-4, எல்-2 ரெண்டும் போச்சு. யுகேலயும் உறவு முடிஞ்சா டிபெண்டன்ட் விசா நிக்காது, வேற விசாவுக்கு மாறணும் இல்ல கிளம்பணும். பொண்ணைப் பெத்தவங்க சீர் வரிசை பத்தி அவ்ளோ பேசறாங்க, இதையும் ஒரு வார்த்தை கேட்டா தேவலை.

மொழின்னு சொன்னேனே, அது சின்ன விஷயம் இல்ல. என்கிட்ட வந்த அந்தப் பொண்ணு டெஸ்டிங்ல இருக்கா, ஜெர்மனில இங்கிலீஷ்லயே ஓட்டற டீம்ங்க இருக்கு, ஆனா கிளையன்ட் முன்னாடி நிக்கணும்னா ஜெர்மன் கேப்பாங்க. டீச்சர், ஹெச்ஆர், வக்கீல்னா ரெண்டு வருஷம் மொழிக்கே போயிடும்னு எடுத்துக்குங்க. டாக்டர்னா கேக்கவே வேணாம், ஜெர்மனில மருத்துவ ஜெர்மன் பரீட்சை, யுகேல பிளாப், அமெரிக்கால யுஎஸ்எம்எல்இயும் ரெசிடென்சியும். விசா வேலை செய்ய விடும், ஆனா லைசென்ஸ் வேற ஆபீஸ்ல இருக்கு. இன்னொண்ணு, கல்யாணம் ஆனவங்களுக்கு ஜெர்மன் டாக்ஸ்ல 3, 5ன்னு கிளாஸ் பிரிச்சு எடுத்துக்கலாம், அதுல கம்மியா சம்பாதிக்கிறவங்க 5ல விழுந்தா மாசாமாசம் கையில வர்ற சம்பளம் பரிதாபமா இருக்கும். மொத்தத்துல குடும்பத்துக்கு வருஷக் கடைசில சரியாயிடும், ஆனா பே ஸ்லிப்பைப் பாத்து "இதுக்கா நீ வேலைக்குப் போற"ன்னு வீட்ல பேச்சு வந்துடும். 4, 4ன்னு வாங்கிக்குங்க, வீட்ல அமைதி நிலவும்.

சிங்கப்பூர் பத்தி சித்தப்பாவுக்கு பதில்: கிட்டக்க இருக்கு, தமிழ் ஆட்சி மொழி, கோயில் இருக்கு, எல்லாம் சரி. ஆனா 2021 மே 1ல இருந்து டிபெண்டன்ட்ஸ் பாஸ்ல இருக்கிறவங்க வேலை செய்யணும்னா தனியா ஒரு வொர்க் பாஸ் வாங்கணும், லெட்டர் ஆஃப் கன்சென்ட்னு ஒரு கடிதத்தை வச்சே வேலை செய்ற பழைய வசதி சொந்த பிசினஸ் வச்சிருக்கிறவங்களுக்குத் தான். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு எம்ப்ளாய்மென்ட் பாஸ் வரும்னா போங்க. ஒருத்தருக்குத் தான்னா இன்னொருத்தர் பாட்டுக்கு பாசிர் ரிஸ்ல வீட்ல இருக்க வேண்டியது தான்.

கனடால ரெண்டு கதவு. வொர்க் பெர்மிட்ல போனா கூடப் போறவங்களுக்கு ஓப்பன் வொர்க் பெர்மிட்னு முன்னாடி தாராளமா குடுத்தாங்க, 2025 ஜனவரி 21ல இருந்து இறுக்கிட்டாங்க, மெயின் ஆளோட வேலை டீயர்ங்கற கனடா வேலைத் தர வரிசைல 0, 1ல இருக்கணும், இல்ல 2, 3ல அவங்க குறிப்பிட்ட சில வேலைகளா இருக்கணும், அதோட அவங்க பெர்மிட்ல குறைஞ்சது 16 மாசம் மிச்சம் இருக்கணும். இன்னொரு கதவு எக்ஸ்பிரஸ் என்ட்ரி, நேரா பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை. இதுல டிபெண்டன்ட்ங்கற பேச்சே இல்ல, ரெண்டு பேரும் பிஆர், யார் வேலை போனாலும் இன்னொருத்தர் விசா ஆடாது. வயசு, படிப்பு, இங்கிலீஷ்னு மார்க் போட்டு எடுப்பாங்க, அந்த மார்க் கிடைக்கிறது தான் கஷ்டம். அதுல வீட்ல எல்லாரும் மாப்பிள்ளையை மெயின் அப்ளிகன்ட்டா போடச் சொல்வாங்க, ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுப் பாருங்க, ஏன்னா வயசுக்கான மார்க் 30ல இருந்து இறங்க ஆரம்பிக்கும், நம்ம வீடுகள்ல பொண்டாட்டி தான் மூணு நாலு வயசு சின்னவ, இங்கிலீஷ் ஸ்கோரும் அவளோடது மேல இருந்தா அவளை மெயினா போட்டா மொத்தம் கூடும். கூட இருக்கிறவங்க ஐஇஎல்டிஎஸ் எழுதினா அதுக்குத் தனியா 20 மார்க் வரை, படிப்புக்கு 10 வரை, அதை விட்டுட்டு "அவருக்கு மட்டும் எழுதினா போதும்"னு இருக்கிறவங்க தான் கட் ஆஃப்ல ஏழு மார்க், எட்டு மார்க்ல தொங்கறாங்க.

அந்தப் பொண்ணு கேஸ்ல நான் சொன்ன வரிசை: கம்பெனி எல்-1ஏ குடுத்தா அமெரிக்கா, எல்-1பியோ எச்-1பியோன்னா மியூனிக், லண்டன்னா ஸ்கில்டு வொர்க்கர் ரூட்ல ஸ்பான்சர் பண்றோம், டிபெண்டன்ட் சர்சார்ஜையும் கட்டறோம்னு எழுதிக் குடுத்தா மட்டும். அவளுக்கு வேலை முக்கியம், கேப் விழுந்தா திரும்ப ஏற கஷ்டம். குழந்தை சின்னது, ரெண்டு மூணு வருஷம் நானே வீட்ல இருக்கப் போறேன்னு சொல்ற ஆளா இருந்தா என் வரிசையே மாறும், அப்போ எச்-4ஐ பாத்து இவ்ளோ பயப்பட வேணாம், எச்-1பில கம்பெனி மாறற சுதந்திரம் பெருசு.

எங்க போனாலும் ஒரு சிக்கல் நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஸ்பெஷல், பேரு. அப்பா பேரு இனிஷியலா இருக்கும், பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. அமெரிக்க விசால அந்த ஒத்தைப் பேரு சர்நேம் இடத்துக்குப் போயி, முன்னாடி எஃப்என்யுன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், முதல் பேர் தெரியலன்னு) விழும், அப்புறம் பேங்க், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாத்துலயும் உங்களை எஃப்என்யுன்னே கூப்பிடுவாங்க. இன்னொரு பக்கம், விசாவுக்கு ஈசியா இருக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு அப்ளை பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவசரமா கணவன் பேரை சர்நேமா மாத்தறவங்க, டிகிரி சர்டிபிகேட் ஒரு பேரு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ஒரு பேரு, பாஸ்போர்ட் ஒரு பேருன்னு நிப்பாங்க. கணவன் மனைவி ஒரே சர்நேம்ல இருக்கணும்னு எந்த நாட்டு டிபெண்டன்ட் விசாவும் கேக்கல, கேக்கறது மேரேஜ் சர்டிபிகேட். காலியா இருக்கிற கட்டத்துல உங்க அப்பா பேரையே விரிச்சு எழுதி ரீஇஷ்யூ வாங்கிட்டா போதும், லால்பாக் ரோட்லயோ மாரத்தஹள்ளிலயோ பாஸ்போர்ட் சேவா கேந்திரால அப்பாயின்ட்மென்ட் போடுங்க. கும்பகோணத்துல கல்யாணம் பண்ணிட்டு பெங்களூர்ல குடித்தனம் நடத்தறவங்க சர்டிபிகேட்டை இப்பவே எடுத்துப் பாருங்க: மண்டப ரசீதும் கோயில் சீட்டும் சர்டிபிகேட் இல்ல, தமிழ்நாட்ல 2009 சட்டத்துலயே பதிவு கட்டாயம் ஆயிடுச்சு, பதிவு பண்ணியிருந்தாலும் அதுல உங்க பேரும் இனிஷியலும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு எழுத்தெழுத்தா சரி பாருங்க. திருத்தணும்னா பதிவு பண்ண சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல தான் கேக்கணும், அதை உங்க 90 நாள் நோட்டீஸ் பீரியட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.